மைக்ரோசேனல் ஹைட்ரஜனேஷன் ரியாக்டர்: பத்து மாதம் ஓட்டிப் பார்த்ததில்

கடந்த இரண்டு மாதத்தில் மட்டும் நான்கு பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், அந்த மைக்ரோ ரியாக்டர் வாங்கினீங்களே, எப்படி ஓடுது, நாங்களும் வாங்கலாமா?" ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசி வைத்த பிறகு, முக்கியமான ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று மனசு உறுத்தும். அதனால், நுண்ணிய வாய்க்கால்களுக்குள் ஹைட்ரஜன் வினையை நடத்தும் இந்தக் கருவியின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேலை கடலூர் சிப்காட்டில், மருந்துக் கம்பெனிகளுக்கு இன்டர்மீடியட் (இடைநிலை ரசாயனம்) செய்து தரும் ஒரு நடுத்தர ஆலையில், பிராசஸ் பக்கம். கருவியை விற்றவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளைச் சொல்லப்போகிறேன், அவற்றில் பாதியை அவர்களே சரிசெய்தும் கொடுத்துவிட்டார்கள், மீதிப் பாதி எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் இந்த வகைக் கருவிக்கே உரியவை. எனவே பெயர் தெரிவதால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

முதலில் எங்களிடம் என்ன இருந்தது என்று சொல்கிறேன், அது தெரியாமல் இந்தக் கருவியின் அருமை புரியாது. 2000 லிட்டர் ஹைட்ரஜனேட்டர், எல்லா ஆலையிலும் இருக்கும் அதே ஸ்டீல் ஆட்டோகிளேவ்தான், அழுத்தம் தாங்கும் மூடிய பாத்திரம். மெத்தனாலில் கரைத்த ஒரு குளோரோ நைட்ரோ சேர்மத்தை, வினையைத் தூண்டும் கேட்டலிஸ்டாகப் பிளாட்டினம்-கார்பன் பொடியைப் போட்டு, ஹைட்ரஜன் கொடுத்து அமீனாக மாற்ற வேண்டும். திரவம், வாயு, திடம் என்று மூன்றும் ஒன்றாகச் சந்தித்தால்தான் வினை நடக்கும். ஹைட்ரஜன் கொடுப்பது மட்டுமே ஏழு மணி நேரம். அதன் பிறகு ஆறவைத்து, நைட்ரஜன் ஊதி, நட்ச் ஃபில்டரில் வடிகட்டி, அதில் தங்கும் கேட்டலிஸ்ட் கரிக் கேக்கை வெளியே எடுக்க வேண்டும்.

இந்த வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் கனவில் வரும். கேக் ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் இல்லை. ஓரத்தில் எங்காவது காய்ந்துபோன இடத்தில் காற்றுப் பட்டால், கரிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், பீடி முனை மாதிரி. பக்கத்தில் மெத்தனால் ஆவி இருந்தால் அவ்வளவுதான். மெத்தனால் எரிகிற சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, முகத்தில் சூடு அடித்த பிறகுதான் தெரியும். எங்கள் சீனியர் ஆபரேட்டர் அண்ணன் ஒருவரின் வலது கை முடி அப்படித்தான் கருகியது. அவர் தண்ணீர்க் குழாயைக் கையிலேயே வைத்திருந்ததால் அதோடு போயிற்று. அந்த மாதம்தான் வேறு வழி தேட ஆரம்பித்தோம்.

சரி, ஏழு மணி நேரம் ஏன் ஆகிறது? வினை மெதுவானது என்று நினைத்தால் தப்பு. நைட்ரோவை அமீனாக மாற்றும்போது ஒரு மோலுக்கு சுமார் 500 கிலோஜூல் வெப்பம் வெளியே வரும். எங்கள் கரைசலில் ஒரு லிட்டருக்கு 100 கிராம் நைட்ரோ. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 300 கிலோஜூலுக்கு மேல் வருகிறது. அதை யாரும் வெளியே எடுக்காவிட்டால் கரைசலின் சூடு 150 டிகிரி ஏறும். மெத்தனால் திறந்த பாத்திரத்தில் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும். இவ்வளவு வெப்பத்தை எடுக்க 2000 லிட்டர் பாத்திரத்தைச் சுற்றி இருக்கும், குளிர்நீர் ஓடும் ஜாக்கெட்டின் பரப்பு ஏழு சதுர மீட்டர்தான். அதனால் ஹைட்ரஜனைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டு, குளிர்நீரின் கைக்கு எட்டும் வேகத்தில் வினையைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு தடை ஹைட்ரஜனின் கரைதிறன். அறை வெப்பத்தில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் மெத்தனாலில் கரையும் ஹைட்ரஜன் சுமார் 4 மில்லிமோல். 20 பாருக்கு ஏற்றினாலும் 80 மில்லிமோல்தான். எங்களுக்குத் தேவையோ லிட்டருக்கு 1.9 மோல். ஆக, கரைந்தது தீரத்தீர இருபது முறைக்கு மேல் மறுபடி கரைந்தாக வேண்டும். குமிழியிலிருந்து திரவத்துக்கு, திரவத்திலிருந்து கரித்துகளுக்கு. இந்தப் பயணம்தான் தாமதம்.

இப்போது கருவி. பார்ப்பதற்கு ஒரு சூட்கேஸை நிறுத்தி வைத்த மாதிரி. ஹேஸ்டலாய் (அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) தகடுகளை அடுக்கி, கனமான போல்ட்டுகளால் இறுக்கிய ஒரு கட்டை. பத்துத் தகடு, தகட்டுக்கு ஆறு வாய்க்கால், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் ஆழம், வளைந்து வளைந்து இரண்டு மீட்டர் நீளம். ஆக மொத்தம் 60 வாய்க்கால், எல்லாவற்றின் கொள்ளளவும் சேர்ந்து 120 மில்லிலிட்டர். ஒரு டீ கிளாஸ். வாய்க்காலின் சுவரில் மெல்லிய அலுமினாப் பூச்சு, அதில் பிளாட்டினம். தகடுகளுக்கு நடுவில் ஹீட்டிங் ஆயில் ஓடும் வழி. இவற்றோடு ஒரு டோசிங் பம்ப், ஹைட்ரஜனை அளந்து விடும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர், வெளியேறும் இடத்தில் அழுத்தம் பிடிக்கும் வால்வு, வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் ஒரு சின்னப் பாத்திரம். எல்லாம் ஒரே ஸ்கிட்டில், அதாவது ஒரே இரும்புச் சட்டத்தில்.

டீ கிளாஸ் அளவில் என்ன கிழித்துவிட முடியும் என்று எங்கள் எம்.டி. கேட்டார். நியாயமான கேள்விதான். 120 மில்லி வாய்க்காலின் சுவர்ப் பரப்பு கிட்டத்தட்ட அரைச் சதுர மீட்டர், தினசரிப் பேப்பரை விரித்து வைத்தால் வரும் பரப்பு. ஆட்டோகிளேவில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 4 சதுர மீட்டர் இருந்த இடத்தில், இதில் 4000. ஆயிரம் மடங்கு. மணிக்கு 7 லிட்டர் கரைசல் ஓடும்போது வெளிவரும் வெப்பம் 600 வாட்டுக்கு மேல், அதாவது ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 5 கிலோவாட். நம் ஆட்டோகிளேவில் லிட்டருக்கு 0.04 கிலோவாட் எடுப்பதற்கே மூச்சு வாங்கும். இதில் ஆயிலுக்கும் கரைசலுக்கும் இடையில் ஓரிரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும், வெப்பம் ஓடிவிடுகிறது. டிஸ்ப்ளேயில் முதல் நாள் சூடு ஏறாமல் நேர்கோடாகப் போவதைப் பார்த்தபோது, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வேலை செய்யவில்லை என்று நினைத்து மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகும் அதே கோடுதான்.

விற்பனைக்கு வந்தவர்கள் ஒரு கண்ணாடித் தகடும் கொண்டுவந்திருந்தார்கள், உள்ளே நடப்பதைக் காட்ட. அதை நான் மறக்கமாட்டேன். திரவமும் வாயுவும் கலந்து நுரைக்கும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ மணி கோத்த மாலை மாதிரி, ஒரு குமிழி, கொஞ்சம் திரவம், அடுத்த குமிழி, கொஞ்சம் திரவம், ஒரே சீராக. குமிழி வாய்க்காலை முழுக்க அடைத்துக்கொண்டு போகிறது, அதற்கும் சுவருக்கும் நடுவில் மிக மெல்லிய திரவப் படலம் மட்டும். எங்கள் வேகத்துக்கு அந்தப் படலம் 10 மைக்ரான் அளவில் இருக்கும், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. கேட்டலிஸ்ட் சுவரில் இருக்கிறது, எனவே ஹைட்ரஜன் தாண்ட வேண்டியது அந்தப் படலம் ஒன்றைத்தான். நடுவில் இருக்கும் திரவத் துண்டோ உள்ளுக்குள்ளேயே சுழன்று சுழன்று தன்னைத்தானே கலக்கிக்கொள்கிறது. நுண்குழாயில் நீளக் குமிழி போகும்போது சுவரில் எவ்வளவு திரவம் ஒட்டி நிற்கும் என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1961இல் அளந்து எழுதினார். அதனால் இதற்கு டெய்லர் ஃப்ளோ என்று பெயர். அளவில் எவ்வளவு லாபம் என்று கேட்டால், 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேட்டலிஸ்ட் துகள் நிரப்பிய நுண் ரியாக்டரில் சைக்ளோஹெக்சீனை ஹைட்ரஜனேட் செய்து, வாயு திரவத்துக்குள் போகும் வேகத்தைச் சொல்லும் வாயு-திரவப் பரிமாற்றக் குணகம் நொடிக்கு 5 முதல் 15 என்று காட்டினார்கள், கேட்டலிஸ்ட் படுகையின்மேல் திரவம் வழிந்து இறங்கும் வழக்கமான ஆய்வக ட்ரிக்கிள் பெட்டில் அது 0.01 முதல் 0.08 வரைதான். நூறு மடங்கு.

எங்கள் அனுபவத்தில் இது எப்படித் தெரிந்தது? 80 டிகிரி, 20 பார். கரைசல் உள்ளே இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மறுமுனையில் வருவது அமீன். ஏழு மணி நேரம் எங்கே போனது என்று ஆபரேட்டர்கள் சேம்பிள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். க்யூசி (தரச் சோதனை) ரிப்போர்ட் வந்த பிறகும் இரண்டு நாள் யாரும் நம்பவில்லை.

எனக்கு வேகத்தைவிடப் பெரிய லாபமாகத் தெரிந்தது தரம். குளோரோ நைட்ரோவில் இருக்கும் வில்லங்கம், அமீன் ஆன பிறகும் அது ஹைட்ரஜனோடும் கேட்டலிஸ்டோடும் சேர்ந்து கிடந்தால் குளோரினும் கழன்றுவிடும். கழன்றது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி ஸ்டீலையும் தின்னும். ஆட்டோகிளேவில் ஒரு தடவைக்குப் போடும் பேட்சில், முதல் மணி நேரத்தில் உண்டான அமீன் ஏழாவது மணி வரை அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும், வேறு வழி இல்லை. இதில் வேலை முடிந்ததும் வெளியே போய்விடுகிறது. குளோரின் கழன்ற அசுத்தம் எங்கள் பேட்சுகளில் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், இதில் 0.3ஐத் தாண்டியதில்லை. அதற்காகவே செய்துகொண்டிருந்த ஒரு மறுபடிகமாக்கலை நிறுத்திவிட்டோம். கழிவுநீர்ப் பக்கம் இருப்பவர்கள் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதில்தான் அதிகம் பேசுவார்கள். வாய்க்கால் நுண்ணியது, அதனால் உள்ளே தீ பரவாது என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். ஹைட்ரஜன்-காற்றுச் சுடர் தானாக அணைய இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் சாதாரண அழுத்தத்தில். ஒரு மில்லிமீட்டர் வாய்க்காலில், 20 பாரில் அந்தப் பேச்சு செல்லாது. உண்மையான பாதுகாப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. ஆட்டோகிளேவின் மேல்பகுதியில் 10 பார் அழுத்தத்தில் நிற்கும் ஹைட்ரஜனை சாதாரண அழுத்தத்துக்கு மாற்றினால் 6000 லிட்டர். இந்தக் கட்டைக்குள் எந்த நேரத்திலும் இருப்பது 2 லிட்டர்கூட இல்லை. தப்பு நடந்தாலும் தப்பின் அளவு சின்னது. அப்புறம், வடிகட்டவே தேவையில்லை, கரிக் கேக்கே கிடையாது. நான் இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு இந்த ஒரு வரிக்காகவே சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் வெளியே ஹைட்ரஜன் சிலிண்டர் வரிசை அப்படியேதான் இருக்கிறது, அங்கே கவனம் ஒரு துளியும் குறையக்கூடாது.

இனி குறைகள். இதைத்தான் நிறைய எழுதப்போகிறேன்.

முதல் குறை அடைப்பு. டெமோவுக்கு வந்தபோது அவர்களே கொண்டுவந்த சுத்தமான கரைசலில் ஓட்டிக் காட்டினார்கள், எட்டு மணி நேரம் கண்ணை உறுத்தாமல் ஓடியது. வாங்கி வைத்து எங்கள் ஃபீடை, அதாவது உள்ளே செலுத்தும் கரைசலை, ஏற்றிய மூன்றாம் நாளே உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் (டிபி) 0.5 பாரிலிருந்து மெல்ல ஏற ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் வாய்க்கால் எல்லாம் சுத்தம். அடைத்திருந்தது நுழைவாயில். 60 வாய்க்காலுக்கும் சமமாகப் பிரிந்து போக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வாய்க்காலின் தொடக்கத்திலும் 0.3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குறுகல் வைத்திருப்பார்கள். வேண்டுமென்றே அங்கே எதிர்ப்பைக் கூட்டி வைத்தால்தான் ஓட்டம் சமமாகும், இல்லாவிட்டால் வாயு சுலபமான வழியைப் பார்த்து ஒரே பக்கம் போய்விடும், மறுபக்கம் திரவம் மட்டும் ஓடி வினையாகாமலே வெளியே வரும். வடிவமைப்பில் சரியான யோசனைதான். ஆனால் அந்தக் குறுகலில் எங்கள் ஃபீட் டாங்கின் துருவும், முந்தைய ஸ்டெப்பில் நிறம் நீக்கப் போட்ட கார்பனின் தூசியும் வந்து உட்கார்ந்துவிட்டன. ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். கருப்பும் செம்மண் நிறமும் கலந்த களிம்பு, விரலில் தேய்த்தால் சந்தனம் மாதிரி வழவழப்பு.

இப்போது 10 மைக்ரான், அதன் பிறகு 2 மைக்ரான் என இரட்டை ஃபில்டர், ஒன்று ஓடும்போது மற்றதைக் கழுவலாம். இது கருவியோடு வந்திருக்க வேண்டும். நாங்கள்தான் கேட்டு, காசு கொடுத்து, ஒரு மாதம் காத்திருந்து போட்டோம்.

இரண்டாவது அடைப்பு மார்கழியில். நைட் ஷிப்ட், மணி இரண்டரை இருக்கும், அண்ணனிடமிருந்து போன்.

"சார், டிபி ஏறிக்கிட்டே போவுது. நாலைத் தாண்டிருச்சு."

"ஹைட்ரஜனை நிறுத்திட்டீங்களா அண்ணே?"

"அது தானாவே கட் ஆயிருச்சு சார். ஆனா பம்ப் பக்கம் லைன் ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கு, தொட்டுப் பாத்தேன்."

அவர் தொட்டுப் பார்த்ததுதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. நான் ரியாக்டரைப் பிரிக்கச் சொல்லியிருப்பேன். டாங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் கால் இஞ்ச் குழாயின் முழங்கை வளைவில் நைட்ரோ சேர்மம் படிகமாகி நின்றது. அங்கிருந்து உதிர்ந்த ஊசிப் படிகங்கள் போய் நுழைவாயிலில் நின்றன. ஹைட்ரஜன் ஏரியாவுக்குள் ஹீட் கன் கொண்டுபோகக் கூடாது. காட்டன் வேஸ்டை வெந்நீரில் முக்கி முக்கிக் குழாயைச் சுற்றி, விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டம் திரும்பியது. கழற்றிய வளைவிலிருந்து வெளிர்மஞ்சள் ஊசிகள் சரம் சரமாக விழுந்ததை இன்னும் ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்ட. அடுத்த வாரமே குழாய் முழுக்க வெந்நீர் ஜாக்கெட் போட்டுவிட்டோம். ஆட்டோகிளேவில் இந்தப் பிரச்சினையே வராது, கல்லையும் மண்ணையும் சேர்த்துக் கலக்கிவிடும் அது.

மூன்றாவது குறைதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. கேட்டலிஸ்ட். பொடிக் கேட்டலிஸ்ட் சோர்ந்துபோனால் புதிதாக இருநூறு கிராம் போட்டுவிடலாம். சுவரில் பூசியது சோர்ந்தால் என்ன செய்வது? நான்கு மாதம் சீராக ஓடிய பிறகு, ஒரு புது லாட் மூலப்பொருளை ஏற்றிய பத்து நாளில், வெளியே வரும் கரைசலில் மாறாத நைட்ரோ தெரிய ஆரம்பித்தது. அந்த லாட்டில் கந்தகம் கொஞ்சம் இருந்தது, பிளாட்டினத்துக்கு அது விஷம். மெத்தனால் விட்டுக் கழுவினோம், சூட்டைக் கூட்டி ஹைட்ரஜன் மட்டும் விட்டுப் பார்த்தோம், பாதிதான் திரும்பியது. கடைசியில் தகடுகளைக் கழற்றி மறுபூச்சுக்கு வெளிநாடு அனுப்பினோம். போய் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் பழைய ஆட்டோகிளேவ், பழைய கரிக் கேக், கையில் தண்ணீர்க் குழாய். விற்கும்போது பூச்சு இரண்டு வருடம் வரும் என்று வாயால் சொன்னார்கள். எந்த ஃபீடுக்கு, எவ்வளவு கந்தகத்துக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் எழுதித் தரவில்லை.

இதைப் படித்துவிட்டு, பூசாத வகை எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆய்வக அளவில் சின்னக் குப்பி மாதிரி கார்ட்ரிட்ஜில் கேட்டலிஸ்ட் நிரப்பி, தீர்ந்ததும் கழற்றிப் போடும் கருவிகள் பல வருடமாக இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 3டி பிரிண்டரில் உலோகக் கலப்பான் தண்டு செய்து, அதன்மேல் கேட்டலிஸ்ட் பூசி, சாதாரணக் குழாய்க்குள் செருகும் முறையை உருவாக்கியிருக்கிறது. தண்டை உருவி எடுத்து வேறு தண்டு செருகிவிடலாம். இன்று திரும்ப வாங்குவதாக இருந்தால் நான் அந்த மாதிரி மாற்றக்கூடிய வகையைத்தான் முதலில் பார்ப்பேன்.

பூச்சு என்றாலே நம்பிக்கை இல்லாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் கார்களின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இதே குடும்பம்தான். கார்டியரைட் என்ற பீங்கானில் தேன்கூடு மாதிரி ஒரு சதுர இஞ்ச்சுக்கு 400 துளை, சுவரில் பிளாட்டினக் குடும்ப உலோகப் பூச்சு. 1970களிலிருந்து சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கும் ஆந்த்ராகுவினோன் முறையில், ஹைட்ரஜன் ஏற்றும் கட்டத்துக்கு இதே தேன்கூட்டு அமைப்பைப் பெரிய ஆலைகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே எல்லாம் ஃபீட் வருடக்கணக்கில் ஒரே மாதிரி. எங்களைப் போன்றவர்களுக்கு லாட்டுக்கு லாட் மாறும். வித்தியாசம் அங்கேதான்.

சின்னச் சின்னக் குறைகளும் உண்டு. பம்ப்புக்குள் ஒரு குமிழி நுழைந்தால் ஓட்டம் விட்டுப்போகும், டாங்க் மட்டத்தைப் பம்ப்புக்கு மேலே தூக்கி வைத்த பிறகு அது நின்றது. பிரஷர் வால்வின் டயாஃப்ரம் ஐந்து மாதத்தில் போயிற்று. சர்வீஸ் இன்ஜினியர் நல்ல பையன், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், ஆனால் அவர் ஒருவர்தான் தென்னிந்தியா முழுக்க. கேஸ்கெட் செட் கஸ்டம்ஸில் மாட்டி மூன்று வாரம். வாங்கும்போதே இரண்டு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இன்டர்லாக், அதாவது ஒன்று நின்றால் மற்றதைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு பற்றி ஒரு பாராட்டு. திரவம் நின்றால் ஹைட்ரஜன் தானாக மூடுகிறது, அது எல்லாக் கருவியிலும் இருக்கும். இதில் எதிர்ப்பக்கமும் வைத்திருக்கிறார்கள், ஹைட்ரஜன் குறைந்தால் ஃபீட் மாறி வெறும் மெத்தனால் ஓட ஆரம்பிக்கிறது. நைட்ரோ பாதி மாறிய நிலையில் ஹைட்ராக்சிலமீன் என்ற இடைப்பொருள் சேரும், அது சூட்டில் நிலையில்லாதது, அதைச் சேரவிடவே கூடாது. இதை யோசித்து வைத்தவர் ஒரு நாளாவது ஆலையில் நின்றவராக இருக்க வேண்டும்.

உற்பத்தி அளவையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 7 லிட்டர், நாளுக்கு 17 கிலோ நைட்ரோ. ஆட்டோகிளேவ் ஒரே பேட்சில் சுமார் 140 கிலோ போடும். மாதம் 400 கிலோ தேவைப்படும் ஒரு பொருளுக்கு இது கச்சிதம், 4 டன் வேண்டுமென்றால் பத்துக் கட்டை வைக்க வேண்டும். பெரிதாக்காமல் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும், ஸ்கேல்-அப் தலைவலியே இல்லை என்பார்கள். வேதியியலுக்கு அது உண்மை. ஆனால் பத்துக் கட்டைக்கும் வாயுவையும் திரவத்தையும் சமமாகப் பிரிப்பது தனித் தலைவலி, அதை யாரும் பிரசுரத்தில் போடுவதில்லை.

மருந்து வாடிக்கையாளர்கள், தொடர் ஓட்டத்தில் பேட்ச் என்றால் எது என்று கேட்பார்கள். மருந்துத் தர விதிகளை நாடுகளுக்குப் பொதுவாக்கும் ஐ.சி.எச். அமைப்பு 2022 நவம்பரில் வெளியிட்ட க்யூ13 வழிகாட்டி, ஓடிய நேரத்தையோ வெளிவந்த அளவையோ வைத்து பேட்சை வரையறுக்கலாம் என்கிறது. நாங்கள் அளவை வைத்தோம், 100 கிலோ ஒரு பேட்ச். ஆடிட்டில் கேள்வி வந்தது, பதில் சொன்னோம், முடிந்தது.

சரி, வாங்கலாமா? உங்கள் வினை எதனால் தாமதமாகிறது என்று தெரிந்தால் பதில் சுலபம், அதற்குக் கருவியே வேண்டாம். இருக்கும் ஆட்டோகிளேவில் அதே பேட்சை ஸ்டிர்ரர் வேகத்தைக் கூட்டி ஒரு முறை ஓட்டுங்கள், ஹைட்ரஜன் குறைகிற வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடினால், வாயு போய்ச் சேருவதில்தான் தடை, இந்தக் கருவி உங்களுக்கு உதவும். ஜாக்கெட் குளிர்ச்சிக்காக ஹைட்ரஜனைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தாலும் உதவும். இரண்டும் இல்லை, வினையே ஐந்து மணி நேரம் எடுக்கும் சுபாவம் என்றால், வாய்க்காலில் விட்டாலும் அதே ஐந்து மணி நேரம்தான், காசு வீண். வினையின்போது உப்பு படிகிறது, தார் உண்டாகிறது என்றால் கிட்டவே போகாதீர்கள். மாதத்துக்கு ஒரு பொருள் மாற்றும் ஆலைக்கும் நான் சொல்லமாட்டேன், ஆட்டோகிளேவைக் கழுவி அடுத்ததைப் போடுகிற சுதந்திரம் இதில் இல்லை.

டெமோவுக்கு உங்கள் டாங்கின் அடியிலிருந்து எடுத்த ஃபீடைக் கொடுங்கள், லேப் பையன் வடிகட்டிக் கொடுத்ததைக் கொடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் போதாது, ஒரு வாரம் இரவு பகலாக ஓடட்டும், டிபி கோடு படுத்தே கிடக்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் இரண்டாவது தகடுத் தொகுதிக்குப் போன வாரம் ஆர்டர் கொடுத்திருக்கிறோம், ஒன்று மறுபூச்சுக்குப் போகும்போது மற்றது ஓடும். இந்த முறை கந்தக வரம்பு, பூச்சின் ஆயுள், மறுபூச்சுக்கு எத்தனை நாள் என்ற மூன்றையும் ஆர்டரிலேயே எழுதி வாங்கியாயிற்று. புது லாட் எதுவாக இருந்தாலும் கந்தகம் பார்த்து க்யூசி கையெழுத்துப் போடாமல் ஃபீட் டாங்கின் வால்வு திறப்பதில்லை. அந்த வால்வின் சாவி இப்போது அண்ணனிடம் இருக்கிறது.